ஹென்றியட்டா கையெழுத்துப் போடவில்லை

ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது என்பது, புத்தகத்தில் பனி கொட்டிக்கொண்டிருக்கும்போது வகுப்பில் மின்விசிறி ஓடாத தொழில். இதைப் படிக்கிறவர்களில் எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கும் பாவப்பட்ட ஜீவன்கள் யாராவது இருந்தால், தண்ணீர் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். உங்கள் தொண்டையும் என் தொண்டையும் ஒரே ரகம்தான். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள், பரவாயில்லை, எங்களுக்குப் பழக்கம்.

கனமான புத்தகம்

எங்கள் பள்ளி சோமனூர் பக்கம். பிள்ளைகளில் பாதிப் பேர் விசைத்தறி ஓட்டும் வீடுகளிலிருந்து வருகிறவர்கள், மீதிப் பேர் தோட்டமும் தென்னையும் உள்ள வீடுகளிலிருந்து வருகிறவர்கள். பள்ளியை நடத்தும் கரஸ்பாண்டென்ட் ஐயாவுக்கு முதல் தொழில் கோழிப்பண்ணை. கல்வி அவருக்குப் பிறகு வந்த பண்ணை. கோயமுத்தூரில் அவருடைய சம்பந்தி வீட்டுப் பிள்ளை படிக்கிற பெரிய பள்ளியில், எட்டாம் வகுப்பிலேயே ஒரு பழைய ஆங்கில நாவலைச் சுருக்காமல் முழுசாகப் படிக்கிறார்கள் என்று அவர் காதில் விழுந்துவிட்டது. அன்று ராத்திரி அவர் தூங்கியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

மறுநாள் என்னைக் கூப்பிட்டார். மேஜையில் மூன்று நாவல்கள் இருந்தன. எந்தக் கதை எதைப் பற்றியது என்று நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிப் பார்த்தார். எது கனமாக இருந்ததோ அது தேர்வானது. நாவலின் பெயரை இங்கே சொல்ல மாட்டேன், சொன்னால் உங்கள் பள்ளியிலும் வாங்கிவிடுவார்கள். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய இங்கிலாந்துக் கதை என்பது போதும்.

கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. டாக்டர் படிப்பு நுழைவுத் தேர்வுக்கு ஆறாம் வகுப்பிலிருந்தே அஸ்திவாரம் போட்டுத் தருகிறோம் என்று ஒரு பயிற்சிக் கம்பெனி ஆள் அடிக்கடி வந்து ஆபீஸ் சோபாவில் உட்கார்ந்துவிட்டுப் போவார். நாவல் எடுபடாவிட்டால் அந்தப் பீரியடுகள் அவருக்கு. நான் யூகேஜிக்குப் போய் ரைம்ஸ் எடுக்க வேண்டும். ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. வாங்கிய நான், நாற்பத்தைந்து வயதில், கைதட்டிக் குதித்து முயல் மாதிரி காது காட்ட வேண்டும். இதைச் சொல்லிவிட்டு, கறிக்கோழிக் குஞ்சை வளர்த்து விற்கிற கணக்கிலேயே ஐயா மரியாதை குறையாமல் கேட்டார்:

“ஏனுங்க மிஸ், இந்தப் பேட்ச் நாப்பத்தஞ்சு நாள்ல வெளிய போயிருமுங்களா?”

காதில் சொன்ன காதல்

கதை இதுதான். ஹென்றியட்டா என்று ஒரு பெண். அப்பா பெரிய நிலக்காரர், மூன்றாம் அத்தியாயத்திலேயே இறந்துபோகிறார். வால்டர் என்று ஒரு அண்ணன். பக்கத்து எஸ்டேட்டில் ஜாஸ்பர் என்று ஒரு நல்ல பையன். பிள்ளைகளுக்கு ஹென்றியட்டா வாயில் நுழையவில்லை, இரண்டாம் நாளே ‘ஹென்றி அக்கா’ ஆகிவிட்டாள். நானும் விட்டுவிட்டேன். அக்கா என்றாவது ஒட்டுதல் வரட்டுமே.

ஆளுக்கு ஒரு பத்தி வாசிக்கச் சொல்வது என் வழக்கம். தறிச் சத்தத்துக்கு நடுவே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு மெதுவாகப் பேசுவது என்றால் என்னவென்று தெரியாது. அம்மாவிடம் தண்ணீர் கேட்பதென்றாலும் தறியை மீறிக் கேட்டால்தான் தண்ணீர் வரும். ஆகவே ஜாஸ்பர் தோட்டத்து மரத்தடியில் ஹென்றியட்டாவின் காதருகே குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் தன் மனசைச் சொல்கிற பகுதியை, முன் பெஞ்சு கவின் எழுந்து நின்று, நெஞ்சு நிமிர்த்தி, பள்ளி மைதானத்துக்கே சொன்னான். பக்கத்து வகுப்பில் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தவர் ஷாகிதா மிஸ். கோயமுத்தூர் கோட்டைமேட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர், எனக்கு இந்தப் பள்ளியில் இருக்கும் ஒரே ஆறுதல். இடைவேளையில் டீ டம்ளரோடு வந்து உட்கார்ந்து சொன்னார்:

“உங்க ஜாஸ்பர் லவ்வச் சொன்னதுக்கு எங்க கிளாஸ்ல நாலு பேரு யெஸ் சொல்லிட்டாங்க மிஸ்.”

நல்ல அண்ணன்

ஒன்பதாம் அத்தியாயம்தான் நாவலின் உயிர். வால்டர் ஒரு விருந்து வைக்கிறான். தங்கைக்குப் பட்டு கவுன் வாங்கித் தருகிறான். சாப்பிட்டு முடித்ததும் ஒரு பத்திரத்தை மெல்ல நகர்த்தி, அப்பா நிலத்தில் உனக்கு இருக்கும் பங்கை எனக்கு விட்டுக்கொடுத்ததாக இங்கே ஒரு கையெழுத்துப் போட்டுவிடு என்கிறான். ஹென்றியட்டா பேனாவை எடுக்கிறாள், பத்திரத்தைப் படிக்கிறாள், பேனாவைக் கீழே வைத்துவிடுகிறாள். இந்த இடத்தில் வகுப்பே கொதித்தெழும் என்று நான் முந்தின நாளே கண்ணாடி முன்னால் நின்று வாசித்துப் பழகிக்கொண்டு போயிருந்தேன்.

வகுப்பு கொதிக்கத்தான் செய்தது, ஆனால் ஹென்றியட்டா மேல். வால்டர் ஏன் கொடியவன் என்று ஒரு பத்தி எழுதச் சொன்னேன். திருத்தி முடிக்கும்போது எனக்குத் தலை சுற்றியது. வால்டர் பாசமான அண்ணன் என்று எழுதியிருந்தார்கள். விருந்து போட்டான், துணி எடுத்துக் கொடுத்தான், வேறென்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். இந்தப் பக்கத்துக் குடும்பங்களில் நடக்கிற நடைமுறை அதுதான். அப்பா போன பிறகு அண்ணன் தம்பிமார் கறிவிருந்து வைத்து, சேலை எடுத்துக் கொடுத்து, அக்கா தங்கைகளைப் பத்திர ஆபீசுக்குக் காரில் கூட்டிப்போய், விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக் காரிலேயே திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். கையெழுத்துப் போட்டவளுக்குப் பொங்கலுக்கும் மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கும் பிறந்த வீட்டுச் சீர் வரும். போடாதவளுக்கு அந்த வாசல் அத்தோடு சரி. பிள்ளைகள் இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவர்கள்.

என் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்ட கவின், எனக்குப் புரிய வைக்கும் பொறுமையோடு சொன்னான்:

“எங்க அத்தையெல்லாம் படிச்சுக்கூடப் பாக்காமக் கையெழுத்துப் போட்டாங்க மிஸ், இந்த ஹென்றி அக்காதான் ராங்கி புடிச்சது.”

ஷாகிதா மிஸ்ஸின் கணக்கு

அன்று ஆசிரியர் அறையில் வந்து புலம்பினேன். நூற்றைம்பது வருஷமாக உலகமே திட்டிக்கொண்டிருக்கும் வில்லன் எங்கள் எட்டாம் வகுப்பு ‘ஏ’ பிரிவில் உத்தமன் ஆகிவிட்டான் என்றேன். உங்கள் ஆட்களிடமாவது பெண்ணுக்குப் பங்கு உண்டு என்று குர்ஆனிலேயே இருக்கிறதே என்று கொஞ்சம் பொறாமையோடும் சொன்னேன். ஷாகிதா மிஸ் விடைத்தாள் திருத்துவதை நிறுத்தவே இல்லை. தலை நிமிராமல் சொன்னார்:

“அண்ணனுக்கு எவ்வளவோ அதுல பாதி எங்களுக்குன்னு தெளிவா எழுதியிருக்குங்க, அந்தப் பாதியையும் ஒரு விருந்த வெச்சு அவங்களே வாங்கிக்குவாங்க.”

ஒரே கோயில்

பதினோராம் அத்தியாயத்தில் எனக்கு அடுத்த சனி பிடித்தது. ஹென்றியட்டாவும் ஜாஸ்பரும் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தின் பின்புறம் நடக்கிறார்கள். அங்கே இரண்டு குடும்பத்தாரின் கல்லறைகளும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. ஆசிரியர் அதை அரைப் பக்கத்துக்கு உருகி எழுதியிருக்கிறார். நானும் உருகி வாசித்தேன். கவின் கை தூக்கினான். ரெண்டு குடும்பத்துக்கும் ஒரே கோயிலா மிஸ் என்றான். பிள்ளை இவ்வளவு கவனமாகக் கேட்கிறதே என்ற சந்தோஷத்தில், ஆமாம், தலைமுறை தலைமுறையாக ஒரே கோயில்தான் என்றேன்.

கவின் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்தான். இந்தச் சீமையில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டாம், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஒரே குலதெய்வக் கோயில் என்றால் ஒரே கூட்டம், அதாவது ஒரே குலம். ஒரே கூட்டம் என்றால் பங்காளிகள். பங்காளி வீட்டுப் பெண் தங்கை. அதற்கு மேல் பேச்சே கிடையாது. ஜாஸ்பர் என்ற பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் இதயம் வரைந்து வைத்திருந்த பிள்ளைகள் ரப்பரை எடுத்து அழித்துவிட்டு ‘அண்ணா’ என்று எழுதினார்கள். நானே பார்த்தேன்.

மறுநாள் காலையில் நாச்சிமுத்து வந்துவிட்டார். தன்யஸ்ரீ என்று வகுப்பில் ஒரு கெட்டிக்காரப் பிள்ளை, அவளுடைய அப்பா. பதினாறு தறியும் ஒரு தென்னந்தோப்பும் உள்ளவர், பெற்றோர் சங்கத்தில் பெரிய குரல். மகள் தினமும் சாயந்திரம் வீட்டுக்குப் போனதும் அன்றைய அத்தியாயத்தைத் தமிழில் சொல்கிறாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். கரஸ்பாண்டென்ட் ஐயா முன்னால் உட்கார்ந்து, பிள்ளைகளுக்கு இப்படி முறை தவறிய சங்கதியெல்லாம் சொல்லிக்கொடுக்கிற புத்தகம் தேவையா என்று கேட்டார். பயிற்சிக் கம்பெனி ஆள் சோபாவில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். இது வெறும் கதைதானுங்களே என்று நான் சொன்னேன். நாச்சிமுத்து என்னை வருத்தத்தோடு பார்த்தார்:

“கதையா இருந்தாப்புல தங்கச்சியக் கட்டிக்கலாமுங்களா மிஸ்?”

ஜாஸ்பரின் பூர்வீகம்

ஐயா எனக்கு ஒரு வாரம் கொடுத்தார். அதற்குள் இந்தக் காதலுக்கு ஒரு வழி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் புத்தகங்களைக் கட்டி மேலே போட்டுவிடலாம் என்றார். நான் பல்கலைக்கழகத்தில் படித்தபோது இந்த நாவலின் மதப் பின்னணி, வர்க்கப் பின்னணி, இயற்கை வர்ணனை எல்லாவற்றுக்கும் கட்டுரை எழுதியிருக்கிறேன். ஜாஸ்பர் எந்தக் கூட்டம் என்று ஒரு பேராசிரியரும் கேட்டதில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் சமையல்கட்டில் ஒரு கையும் நாவலில் ஒரு கையுமாகக் கழிந்தது. கடைசியில் நாலாம் அத்தியாயத்தில், எல்லோரும் தாண்டிப் போய்விடுகிற ஒரு வரியில், சாமி கண்ணைத் திறந்தது. ஜாஸ்பரின் தாத்தா கம்பளி வியாபாரத்துக்காக வடக்கே வேறொரு சீமையிலிருந்து அந்த ஊருக்குக் குடிவந்தவர். தேவாலயத்துப் பின்புறத்தில் இடத்தை விலைக்கு வாங்கியவர்.

திங்கட்கிழமை நாச்சிமுத்துவையும் இன்னும் இரண்டு அப்பாமாரையும் வரச்சொல்லி உட்காரவைத்து வரியைத் தமிழில் சொன்னேன். மூன்று பேரும் பெண் பார்க்கப் போன இடத்தில் விசாரிக்கிற மாதிரியே விசாரித்தார்கள். அப்படியானால் பூர்வீகக் கோயில் வடக்கேதானா, வருஷத்துக்கு ஒரு தடவையாவது போய்க் கும்பிடுவார்களா என்றெல்லாம் கேட்டார்கள். தவறாமல் போவார்கள் என்றேன். புத்தகத்தில் அது இல்லைதான், ஆனால் போகாமலா இருந்திருப்பார்கள். பிறகு தங்களுக்குள் தணிந்த குரலில் கலந்து பேசினார்கள். ஜாஸ்பருக்கு நிலம் எவ்வளவு, தண்ணி வசதி உண்டா என்று ஒருத்தர் கேட்டார். ஆற்றோரம் என்றதும் அவருக்கும் முகம் தெளிந்தது. நாச்சிமுத்து எழுந்து வேட்டியைச் சரி செய்துகொண்டு தீர்ப்புச் சொன்னார்:

“அப்பச் செரிங்க, பொண்ணக் குடுக்கலாமுங்க.”

கை நடுங்கியதா

இதற்கு ஒரு மாதம் கழித்து, பள்ளி விட்ட நேரத்தில் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு அம்மா எனக்காக நின்றுகொண்டிருந்தார். தலையிலும் ரவிக்கையிலும் பஞ்சு ஒட்டியிருந்தது. தன்யஸ்ரீயின் அம்மா சரஸ்வதி. சாயந்திரம் தறிக்கு ஊடைநூல் சுற்றுகிற வேலை அவருடையது, மகள் கதை சொல்வது அந்த நேரத்தில்தான். நானும் வழக்கம்போல மதிப்பெண் பற்றிக் கேட்கப் போகிறார் என்று பதிலை எடுத்து வைத்துக்கொண்டேன்.

அவர் ஹென்றியட்டாவைப் பற்றிக் கேட்டார். அவருடைய அண்ணன்மார் பைபாஸ் ரோட்டோரத்து நிலத்தை விற்கப் போகிறார்களாம். போன வாரம் விருந்து வைத்துச் சேலை எடுத்துக் கொடுத்தார்களாம், நல்ல பட்டு. மறுநாள் பத்திர ஆபீசுக்குக் கூட்டிப் போனார்களாம். பத்திரத்தைப் படித்துப் பார்க்கிறேன் என்று இவர் கேட்டு வாங்கியிருக்கிறார். அண்ணன்மார் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்திருக்கிறார்கள். முழுசாகப் படித்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று பேனாவை மேஜை மேல் வைத்துவிட்டு, பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டாராம். திரும்பி வரக் கார் இல்லையாம். இனிமேல் பொங்கலுக்குப் பிறந்த வீட்டில் கால் வைக்க முடியுமா என்று தெரியவில்லை என்றார். ஹென்றியட்டா அதற்குப் பிறகு அண்ணன் வீட்டுக்குப் போனாளா என்றும் கேட்டார். மூன்று வருஷம் கழித்துப் போனாள் என்றேன். அவர் அதை மனசில் வாங்கிக்கொண்டார். இத்தனை வருஷம் இந்த நாவலை நான் படித்ததும் கட்டுரை எழுதியதும் என்ன லட்சணம் என்று எனக்குத் தோன்றியது. கிளம்பும்போது அவர் மெல்லக் கேட்டார்:

“பேனாவக் கீழ வெச்சப்ப அந்தப் புள்ளைக்குக் கை நடுங்குச்சாங்க மிஸ், எனக்கு நடுங்கிப்போச்சுங்க.”

இளநீர்

நடுங்கியதா என்று வீட்டுக்குப் போய் அந்தப் பக்கத்தை மறுபடியும் பார்த்தேன். புத்தகத்தில் அது இல்லை. எழுதியவர் நாற்காலியின் செதுக்கு வேலையைப் பற்றி எட்டு வரி எழுதியிருக்கிறார், கையைப் பற்றி ஒன்றுமில்லை.

மறுநாள் காலையில் நாச்சிமுத்து, நாங்கள் கூப்பிடாமலே, இரண்டாம் முறையாகப் பள்ளிக்கு வந்தார். ஸ்கூட்டரின் முன்னால் ஒரு குலை இளநீர். எனக்குத்தான் என்றார். தன் தோப்புக் காய், மருந்து அடிக்காதது என்றார். மனைவி கையெழுத்துப் போடாமல் வந்ததில் மனிதருக்கு ஏற்பட்டிருக்கிற இலக்கிய ரசனையை எப்படிச் சொல்வது. பைபாஸ் ரோட்டு நிலம் சும்மாவா. பெண்ணுக்கு அறிவு வேண்டும், சட்டம் தெரிய வேண்டும், தன் உரிமை என்னவென்று கேட்டு வாங்கத் தெரிய வேண்டும், அதற்குத்தான் படிப்பு என்று ஆபீஸ் வராந்தாவில் நின்று அரை மணி நேரம் பேசினார். மகளிர் தினத்துக்கு நாங்கள் கூப்பிடுகிற பேச்சாளர்களே இவ்வளவு உருக்கமாகப் பேசியதில்லை. கரஸ்பாண்டென்ட் ஐயாவும் ஆளுக்கு முந்தி ஒரு காயை வெட்டிக் குடித்துக்கொண்டே தலையாட்டினார். சோபாவில் இருந்த கம்பெனி ஆளுக்கும் ஒன்று கொடுத்தார்கள், அவர் முகம் அன்று சரியாக இல்லை. நாச்சிமுத்து போகும்போது ஐயாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

“இந்தப் பொஸ்தகத்த ஆறாங்கிளாசிலிருந்தே நடத்தோணுமுங்க, பொட்டப் புள்ளைகளுக்கு இதுதானுங்க மொத அஸ்திவாரம்.”

மதுக்கரை அத்தை

சிக்கல் என்னவென்றால் நாச்சிமுத்துவுக்கும் ஒரு தங்கை இருந்தார். மதுக்கரையில் வாழ்க்கைப்பட்டவர், வீட்டுக்காரருக்கு அங்கே சிமென்ட் ஆலையில் வேலை. மாரியம்மன் நோம்பிக்கு அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தார். சாயந்திரம் தன்யஸ்ரீ கதை சொல்ல உட்கார்ந்திருக்கிறாள். அத்தை புதுசாகக் கேட்கிறவர் என்பதால், பிள்ளை முதலிலிருந்து ஆரம்பித்து, ஒன்பதாம் அத்தியாயத்தை நான் நடித்துக் காட்டியது போலவே நடித்தும் காட்டியிருக்கிறாள். விருந்து, கவுன், பத்திரம், பேனா எல்லாம்.

எனக்கு இளநீர் வந்த தென்னந்தோப்பு இருக்கிறதே, அதில் அந்த அத்தைக்கு ஒரு பங்கு இருந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு விருந்துக்குப் பிறகு இல்லாமல் போனது. அன்று ராத்திரி எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது, அம்மா பங்கு கேட்டால் சரி என்றால் அத்தைக்கும் கொடுக்க வேண்டும்தானே அப்பா என்று தன்யஸ்ரீ கேட்டிருக்கிறாள். ஒரு கணக்குச் சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டாளாம். நாச்சிமுத்து மோரை ஊற்றிக்கொண்டாராம். அத்தை சண்டை போடவில்லை, அழவும் இல்லை. சாப்பிட்டு எழுந்து கை கழுவிக்கொண்டே அண்ணனிடம் கேட்டதை, தன்யஸ்ரீ மறுநாள் என்னிடம் அப்படியே சொன்னாள்:

“நான் கையெழுத்துப் போட்டப்ப எனக்கு இந்தக் கதைய ஆரும் சொல்லலீங்களே அண்ணா.”

மூன்றாம் முறை

நாச்சிமுத்து மூன்றாம் முறையாக வந்தார். இந்தத் தடவை கையில் குலை இல்லை. குரலும் இல்லை. தங்கை நோம்பிச் சீரை அப்படியே திண்ணையில் வைத்துவிட்டு, எனக்கு இது வேண்டாம் அண்ணா, தோப்பைப் பற்றி யோசித்துச் சொல்லுங்கள் என்று மதுக்கரைக்குப் பஸ் ஏறிவிட்டாராம். இரண்டு நாளாக வீட்டில் மனைவியும் மகளும் தன்னையே பார்க்கிறார்கள் என்றார். எதுவும் கேட்பதில்லையாம், பார்க்கிறார்களாம். இந்த நாவல் குடும்பங்களைப் பிரிக்கிறது, நம் கலாசாரத்துக்கு ஒத்துவராது, வெள்ளைக்காரன் விட்டுப்போன விஷம் என்று ஐயாவிடம் சொன்னார். ஆறாம் வகுப்பிலிருந்து நடத்தச் சொன்ன அஸ்திவாரம்தானே இது என்று எனக்குக் கேட்கத் தோன்றியது. ஐயாவுக்கும் மூன்று சகோதரிகள் என்பது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் தீர்ப்பு எழுதியாகிவிட்டது என்று புரிந்தது.

நான் கடைசியாக ஒன்று சொல்லிப் பார்த்தேன். பிள்ளைகளுக்குப் புத்தகத்தில் இருப்பதைத்தான் சொல்லிக்கொடுத்தேன், ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை என்றேன். வடக்கத்திக் கோயிலைத் தவிர அது உண்மையும்கூட. நாச்சிமுத்து நல்ல மனிதர்தான், கோபத்திலும் மரியாதை குறையாதவர். நிஜமாகவே விளங்காமல்தான் என்னைக் கேட்டார்:

“எல்லாப் பாடத்தையும் போலப் பரீட்சைக்கு மட்டும் சொல்லிக்குடுக்காம, இத எதுக்குங்க மிஸ் புள்ளைகளுக்குப் புரியற மாதிரி சொல்லிக்குடுத்தீங்க?”

வராத ஒரு புத்தகம்

இருபது வருஷத்தில் என் வேலையைப் பற்றி இதைவிட நல்ல சான்றிதழ் எனக்குக் கிடைத்ததில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு பீரியடைக் காப்பாற்ற முடியவில்லை. அடுத்த திங்கட்கிழமை கம்பெனி ஆள் சோபாவிலிருந்து எழுந்து வகுப்புக்குப் போனார். கடைசி இரண்டு அத்தியாயம் பாக்கி. ஹென்றியட்டா வழக்கில் ஜெயித்து ஆற்றோரத்து வயலைத் தன் பெயருக்கு வாங்குவதும், அதற்குப் பிறகே ஜாஸ்பரைக் கட்டிக்கொள்வதும் அந்த இரண்டில்தான் வருகிறது. ஜாஸ்பருக்கு அவ்வளவு பாடுபட்டுச் சம்மதம் வாங்கிய எங்கள் வகுப்புக்குக் கல்யாணச் சாப்பாடு கிடைக்கவில்லை.

புத்தகங்களைத் திரும்ப வாங்கிக் கட்டச் சொன்னார்கள். கட்டினேன். ஒன்று குறைந்தது. யாருடையது என்று பார்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. ஆபீசில் கேட்கிறார்கள், கொண்டுவந்துவிடு கண்ணு என்று தன்யஸ்ரீயிடம் சொன்னேன். அவள் வராந்தாவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, தறி வீட்டுப் பிள்ளை என்று நம்ப முடியாத அளவுக்கு மெதுவாகச் சொன்னாள்:

“மதுக்கரை அத்தைக்கு டெய்லி போன்ல சொல்லிட்டிருக்கேன் மிஸ், இன்னும் ரெண்டு சேப்டர்தான், முடிச்சுப்போட்டுத் தாரேன்.”

இப்போது நான் யூகேஜியில் முயல் காது காட்டிக்கொண்டிருக்கிறேன். அங்கேயும் ஒரு பாட்டில் பெரிய பண்ணை வைத்திருக்கும் விவசாயி ஒருவர் வருகிறார், அவருக்கு மகள்கள் உண்டா என்று குழந்தைகள் கேட்டுவிடாதபடி பார்த்துக்கொள்ள எனக்குத் தனியாக உத்தரவு வந்திருக்கிறது.